எட்டாவது துவக்கு

சனிக்கிழமை மத்தியானம், அவித்த தேசிக்காயை மூன்று தரம் தேய்த்துக் கழுவியும் அனுசியாவின் தலையில் எண்ணெய் போகவில்லை. ஊற்றிய தண்ணீரெல்லாம் சேம்பிலையில் பட்டது போல உருண்டு குளியல் தொட்டியில் விழுந்ததே தவிர, மூன்று வயதுப் பிள்ளையின் அந்த ஒரு பிடி மயிர் நனையவே இல்லை. தாய் தவமலர் தன் விரலை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நல்லெண்ணெய் வாசம் இல்லை. சில்லறைக் காசை நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து திறந்தால் ஒரு வாடை வருமே, அதுதான் வந்தது. அதற்கு அடியில் காறிப்போன எண்ணெயின் புளித்த நெடி. 

போதும் என்று பிள்ளையின் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். முதல் தரம் தூக்க முடியவில்லை. இரண்டாம் தரம் பல்லைக் கடித்துத் தூக்கியபோது நாரி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. கொழுத்த பிள்ளை தோளில் மெத்தென்று பரவும். இது அப்படிப் பரவவில்லை. நடுவில் ஓர் உலக்கையை வைத்துத் தைத்தது போல இறுகிக் கிடந்தது.

"என்ன புள்ள, நாரி பிடிச்சிட்டோ?" என்றான் கணவன் சச்சிதானந்தன், சப்பாத்துக்குக் கயிறு கட்டியபடி. அஜின்கோர்ட்டில் ஓர் உணவுக்கடைக் குசினியில் அவனுக்குக் கோப்பை கழுவும் வேலை. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"இவள் கல்லுப் போலப் பாரமா இருக்காள்."

"கனடாப் பால் சும்மாவோ? வளரட்டும்."

"நாலு நாளாப் பால் குடிக்கல்ல. சோறும் ரெண்டு வாய்தான்."

அவன் மகளைப் பார்த்தான். நெஞ்செலும்பு ஒவ்வொன்றாய் எண்ணலாம் போல இருந்தது. "திங்கட்கிழமை டாக்குத்தரிட்டக் கொண்டு போவம்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனான்.

எங்கே பிழை விட்டது என்று தவமலருக்குத் தெரியும். கணவனிடம் சொன்னால் சிரிப்பான். உங்களுக்குச் சொல்லலாம், பிள்ளைகளே. நீங்கள் அவளைத் திட்டமாட்டீர்கள்.

அந்த வருடம், எண்பத்தாறு ஐப்பசியில்தான் அவர்கள் யூனியன்வில்லில் அந்த வீட்டின் பேஸ்மென்டுக்கு வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து கிளம்பி, எங்கெங்கோ இறங்கி ஏறி, ஸ்காபறோவில் ஒரே அறைக்குள் எட்டுப் பேரோடு நெருங்கிக் கிடந்தவர்கள். குழந்தையோடு வருகிறவர்களுக்கு வீடு தர எல்லோரும் யோசித்த காலம். அப்போது சச்சிதானந்தனின் தங்கை கோணேஸ்வரி, துணி தோய்க்கும் கடைச் சுவரில் ஓர் அட்டையைப் பார்த்தாள். பத்தொன்பது வயதுக்காரி, இங்கிலிசு கொஞ்சம் பிடிபட்டவள். அட்டையில் கையெழுத்தாக எழுதியிருந்தது: பேஸ்மென்ட் வாடகைக்கு உண்டு, நாலு பேர் உள்ள குடும்பம் மட்டும்.

"மச்சாள், நமக்கெண்டே எழுதின மாதிரிக் கிடக்கு!" என்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்காரர் றொபேட். எழுபது வயது, தனி ஆள், இரும்பைக் கடையும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மரியாதையான மனிதர். வாடகையில் பாதியைக் குறைத்து, பதிலுக்குச் சனிக்கிழமை தோறும் மேல்வீட்டைக் கூட்டித் துடைத்துத் தரும்படி தவமலரைக் கேட்டார். முதல் சனிக்கிழமை விளக்குமாறோடு மேலே போனவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கத் துவக்குகள்.

ஊரில் அவள் துவக்கைத் தனியாகப் பார்த்ததே இல்லை. அதன் பின்னால் எப்போதும் ஒரு சப்பாத்தும் ஒரு சத்தமும் இருக்கும். இங்கே அவை ஆளில்லாமல், துடைத்து மினுக்கி, மரக் கொளுவிகளில் கைக்குழந்தைகள் போலக் கிடந்தன. அறையின் வாடை முகத்தில் வந்து ஒட்டியது: மெல்லிய எண்ணெய், பழைய மரம், நாக்கின் அடியில் கசியும் இரும்பு. துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டில் எங்கே துப்புவது? விழுங்கினாள்.

"பயப்பிடாதீங்க மச்சாள், உது சேர்த்து வைக்கிறதுக்குத்தானாம். முத்திரை சேர்க்கிற மாதிரி" என்றாள் கோணேஸ்வரி. றொபேட் சொன்னதை அவள்தான் தமிழாக்கினாள். எல்லாமே லீவர் துவக்குகள். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு பிடி. அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். ஒரே தொழிற்சாலை, ஒரே காலம், ஒரே வாதுமை மரம், ஒரே எட்டுப் பட்டைக் குழல். பத்தடி தள்ளி நின்றால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. வாயின் ஓட்டை மட்டும் வேறு. பெரியது நாற்பத்துநாலு. அடுத்தது முப்பத்தெட்டு. பிறகு முப்பத்திரண்டு. கடைக்குட்டி இருபத்தைந்து. நாலும் ஒரே அச்சில் அமைந்தால்தான் அது ஒரு குடும்பம் என்றார் றொபேட். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் அநாதைகள்.

சுவரில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. மேல் வரிசையில் ஒவ்வொன்றின் லீவரிலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. றொபேட், றோஸ்மேரி, அலெக்ஸாண்டர், வேரோனிக்கா. தன் பெயரும் மனைவி பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் என்றார். கீழ் வரிசை அட்டைகளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதன் கடைக்குட்டி கிடைக்க இருபது வருடம் தேடினாராம். போன புரட்டாதியில், வடக்கே ஒரு தோட்டக்காரரின் ஏலத்தில் கிடைத்ததாம்.

"மனிசியும் பிள்ளையளும் எங்கயாம்? கேளுகா" என்றாள் தவமலர்.

கோணேஸ்வரி கேட்டாள். அவர் புன்னகையோடு சுவரைக் காட்டினார்.

"கேள்வி விளங்கல்லப் போல" என்றாள் கோணேஸ்வரி.

பிறகு அவர் கடைக்குட்டியை எடுத்துத் தவமலரின் கையில் வைத்தார். கை தாழ்ந்துபோயிற்று. பெரியதை எடுத்து மற்றக் கையில் வைத்தார். அது லேசாக இருந்தது. அவள் திகைத்ததைக் கண்டு கிழவர் குழந்தை போலச் சிரித்தார். வெளிப்பருமன் நாலுக்கும் ஒன்றுதான். ஓட்டை சிறுக்கச் சிறுக்க உள்ளே இரும்பு கூடும். ஆகவே சின்னதுதான் ஆகப் பாரம். "எப்போதும் கடைசிப் பிள்ளைதான் பாரம்" என்று அவர் சொன்னதைத் தமிழாக்கிவிட்டு, "உது எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், என்னைக் கேளுங்க" என்று கோணேஸ்வரியும் சிரித்தாள்.

அதோடு விடவில்லை. லீவரைத் திறந்து, பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிப் பிடித்து, குழலின் வாய்க்குள் பார்க்கச் சொன்னார். மரியாதைக்குப் பார்த்தாள். உள்ளே ஈரம் போல ஒரு மினுக்கம். அதில் வரி வரியாக, வழுவழுப்பாக, உள்நோக்கிச் சுருண்டு சுருண்டு போகும் புரிகள். ஏதோ ஒன்றின் தொண்டையைப் பார்த்தது போலிருந்தது அவளுக்கு. அன்று பகல் அவளால் சாப்பிட முடியவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு, வெளியே இருண்டு வரும்போது, அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. அவர்கள் படுக்கும் அறைக்கு நேர் மேலேதான் அந்தக் கூடம். சளக். சற்றுப் பொறுத்து மறுபடி சளக். லீவரைத் திறந்து மூடும் சத்தம். எட்டுத் தரம். நாள்தோறும் ஒரு தரமாவது இழுத்து விடாவிட்டால் இறுகிப்போவார்கள் என்று றொபேட் விளக்கம் சொன்னாராம். இறுகிப்போகும் என்று சொல்லவில்லை. இறுகிப்போவார்கள்.

நாள் போகப்போகப் பழகிவிட்டது. உலை வைக்கும் நேரம் அதுதான். எட்டு எண்ணி முடிந்தால் அரிசி போடுவாள்.

பழகாதது ஓர் அறை. மேலே வேரோனிக்காவின் அறை என்று ஒன்று இருந்தது. துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மற்ற வீடெல்லாம் பளிச்சென்று இருக்க அந்த ஒன்று அழுக்காய்க் கிடப்பது தவமலருக்குப் பொறுக்கவில்லை. கார்த்திகை தொடக்கத்தில் ஒருநாள் போர்வையை உருவினாள். மெத்தையில், சுருண்டு படுத்த சிறு பிள்ளையின் அளவுக்கு மஞ்சளாக ஓர் எண்ணெய்க் கறை. கட்டிலின் நடுச் சட்டங்கள் மூன்று முறிந்து, அந்த இடம் குழி விழுந்திருந்தது. தலையணையில் வாய் படும் இடத்தில் செம்மண் நிறப் பொட்டுகள். தொட்டுப் பார்த்தாள். கறள். இரும்பில் பிடிக்கிற கறள், தலையணையில். கையைக் கழுவினாள், பிறகும் கழுவினாள். சவர்க்காரம் கரைந்ததுதான் மிச்சம்.

இனி அந்தப் பிழை. கார்த்திகை மூன்றாம் சனிக்கிழமை, றொபேட்டுக்குக் குளிரில் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. கீழ் வரிசை நாலையும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடும்படி கெஞ்சுவது போலக் கேட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் உறங்கிப்போனார். அவருடைய சின்னத் தகரப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டும் இல்லை. எழுப்ப மனம் வரவில்லை.

சனி முழுக்கு நாளல்லவா? கீழே குசினியில், மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இளஞ்சூட்டில் இருந்தது. தோளில் கணவனின் பழைய சாரத் துண்டு கிடந்தது. ஒவ்வொரு சனியும் வீட்டார் நாலு பேரின் தலையையும் துடைக்கிற துண்டு. எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்தாள். கிண்ணத்தைக் கொண்டுபோய் அந்தத் துண்டாலேயே துடைத்தாள். பெரியதை, அடுத்ததை, அதற்கு அடுத்ததை. கடைக்குட்டியை மடியில் வைத்தபோது கை தன் பழக்கத்துக்குப் போயிற்று. மரப்பிடியின் உச்சியில் மூன்று தரம் எண்ணெய் வைத்துத் தட்டினாள். வாயும் தன் பழக்கத்துக்குச் சொல்லிற்று:

"நூறு வயசுக்கு இரு மனே."

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். றொபேட் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கண்கள் கலங்கியிருந்தன. "நன்றி" என்றார். அந்தச் சொல் அவளுக்கு விளங்கும்.

எண்ணெய் வைத்த தலையைக் கழுவாமல் விடக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். ஏன் என்று ஒருவரும் விளக்கிச் சொன்னதில்லை. அந்த நாலுக்கும் எண்ணெய் வைத்தாயிற்று. கழுவவில்லை.

அடுத்த வாரம் றொபேட் கோணேஸ்வரியிடம் ஒரு தாளைக் கொடுத்து, நாலு பேரின் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதித் தரச் சொன்னார். நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசு தரப்போகிறார் போல என்று அவள் சந்தோசமாக எழுதிக் கொடுத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை தவமலர் தூசு தட்டப் போனபோது, கீழ் வரிசை அட்டைகளில் நீல மையால் எழுதியிருந்தது. இங்கிலிசு வாசிக்கத் தெரியாதவள்தான். ஆனால் அகதி மனுத் தாள்களில் ஆயிரம் தரம் பார்த்த பெயர்கள். சொந்தப் பெயரின் உருவம் யாருக்குத்தான் தெரியாது? பெரியதில் கணவன். அடுத்ததில் தான். பிறகு கோணேஸ்வரி. கடைக்குட்டியின் லீவரில், குண்டுக் குண்டு எழுத்தில், அவள் பிள்ளை.

நல்லெண்ணெய் இரும்புக்கு ஆகாது. காய்ந்து பிசினாகியிருந்தது. லீவரின் மூட்டுகளில் மஞ்சள் பீளை கட்டி, அதில் தூசும் ஒரு மயிரும் ஒட்டிக்கிடந்தன. நீண்ட, மெல்லிய, நுனி சுருண்ட மயிர். பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒட்டியிருக்கவில்லை, வேர் விட்டிருந்தது. கீழே பேஸ்மென்டில் அனுசியா "ஆ" என்று கத்தினாள்.

அன்று மத்தியானம்தான் மூன்று தரம் கழுவியும் எண்ணெய் போகாத அந்தக் குளியல்.

கணவன் வேலைக்குப் போனதும் பிள்ளையை மேலே தூக்கிப்போய் றொபேட்டின் குளியலறைத் தராசில் நிறுத்தினாள். ஐப்பசியில் டாக்குத்தர் எழுதித் தந்தது இருபத்தெட்டு இறாத்தல். முள் ஐம்பத்திரண்டில் நின்று நடுங்கியது. இறக்கிவிட்ட பிள்ளை நேரே கூடத்துக்கு ஓடிற்று. தவமலர் பின்னால் வந்து பார்த்தபோது, அனுசியா கீழ் வரிசையின் முன் நுனிக்காலில் எட்டி நின்று, கடைக்குட்டியின் குழலை நாக்கால் நக்கிக்கொண்டிருந்தாள். மெதுவாக. ஆசையாக. பூனை தன் குட்டியை நக்குவது போல. எச்சிலும் எண்ணெயும் சேர்ந்து வாயிலிருந்து நாடி வழியே நூலாய் வடிந்தது.

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். வந்ததில் சோறு இல்லை. எண்ணெய்.

அன்று பின்னேரம் கோணேஸ்வரி தையல் தொழிற்சாலையிலிருந்து வந்து கொட்டாவி விட்டாள். அலகில் எங்கோ மெல்லச் சளக் என்றது.

"மச்சாள், வாய்க்குள்ள இரும்பு நக்கின மாதிரிக் கிடக்கு. உங்களுக்கும் அப்பிடியோ?"

"வெளிக்கிடுவம் கோணேஸ். நாளைக்கே."

தவமலர் தொலைபேசியை எடுத்து, மல்வேர்னில் மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கும் பாலேஸ்வரிக்குப் பேசினாள். ஸ்காபறோ அறையில் கூட இருந்தவள், யாழ்ப்பாணத்துக்காரி, வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது.

"ஏனடி, ராசா வீடு போல எண்டு சொன்னனீ? இப்ப என்ன வந்தது?"

"பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுதில்ல அக்கா."

"சரி சரி, அழாதை. ஒரு மெத்தை கிடக்கு. என்ரை மனுசன் நாளைக்கு வானோடை வருவார். குளிருக்கை நிக்காமல் உள்ளுக்கை நில்லுங்கோ."

போனை வைத்ததும் மனப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்போது அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்திருக்கக் கூடாது. பாதியில் நிற்கும் முழுக்கை முடித்துவிட்டுப் போனால் என்ன? எண்ணெய் வைத்தவள் நான். கழுவ வேண்டியவளும் நான்தானே? கழுவினால் உறவு விட்டுப்போகும். பிள்ளை பிள்ளையாகும்.

ஐந்து மணிக்கு எட்டுச் சத்தமும் கேட்டு முடிந்தன. றொபேட் கடைக்குப் போகிற காலடி வெளிப்படியில் இறங்கிற்று. மிச்சமிருந்த தேசிக்காய்த் தண்ணீரைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு மேலே போனாள். பெரிய மூன்றுக்கும் நேரம் இருக்குமோ தெரியவில்லை, பிள்ளைதான் முதல். கடைக்குட்டியை மடியில் போட்டு, உச்சியிலிருந்து வாய்வரை தேசிக்காய்த் தண்ணீரால் தேய்த்தாள். குழலுக்குள்ளும் ஊற்றினாள். மஞ்சளாய், நுரையாய், அழுகின முட்டை நாற்றத்தோடு வடிந்தது. ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். வெளியே கார்க் கதவு அடிபட்டது. ஈரத்தோடு கொளுவிவிட்டு ஓடினாள்.

அன்று இரவு அனுசியா ஒரு கோப்பை பால் குடித்தாள். தவமலர் சுவரைப் பார்த்து அழுதாள், சந்தோசத்தில்.

ஞாயிறு காலை பிள்ளையின் தலையணையைத் திருப்பினாள். வாய் படும் இடத்தில் செம்மண் நிறப் பொட்டுகள்.

பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் செந்தூள். விரலால் வழித்தாள். உதிர்ந்தது. பின்னாலிருந்து திரும்பவும் ஊறியது.

மேலே கிழவரின் அழுகை கேட்டது. வயதான ஆண் வாய்விட்டு அழுவதை அவள் ஊரில் கேட்டிருக்கிறாள். இது அந்த அழுகைதான். படியேறிப் போனாள். றொபேட் தரையில் இருந்தார். மடியில் கடைக்குட்டி. ஒரே இரவில் முழுக்கச் சிவந்திருந்தது. குழல், மூட்டு, லீவர், எல்லாம் சொறி பிடித்தது போலக் கறள். லீவர் கீழே இழுபட்டபடி இறுகி நின்றது. அதை மேலே தள்ளித் தள்ளி அவருடைய வீங்கின விரல்கள் கிழிந்திருந்தன. அவர் நிமிர்ந்து சொன்னதில் சில சொற்கள் அவளுக்கு விளங்கின. கோணேஸ்வரி வாசலில் நின்று மிச்சத்தைச் சொன்னாள். இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை.

"'அவளை என்ன செய்தாய்?' எண்டு கேக்கிறார் மச்சாள். 'இனி மூடாது' எண்டு சொல்றார்."

மத்தியானம் வான் வந்தது. றொபேட் தடுக்கவில்லை. சன்னலில் நின்று கையசைத்தார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அசைப்பது போல. பிள்ளையைச் சச்சிதானந்தனும் பாலேஸ்வரியின் கணவருமாக இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். "என்ன தம்பி, பெட்டிக்குள்ளயோ பிள்ளைக்குள்ளயோ சாமான் அடுக்கினனீங்கள்?" என்று அவர் பகிடி விட்டார்.  சச்சிதானந்தன் முதல்முறையாகத் தவமலரின் முகத்தை நேரே பார்த்தான்.

"புள்ள, இது என்ன?" என்றான் மெல்ல.

"நாளைக்கு டாக்குத்தரிட்டப் போவம் எண்டீங்களே. போவம். முதல்ல இஞ்ச இருந்து போவம்."

மல்வேர்னில் ஆறாம் மாடி. வெந்தயக்குழம்பு மணத்தது. பக்கத்து வீட்டில் யாரோ தமிழில் சண்டை பிடித்தார்கள். அந்தச் சத்தம் காதுக்கு அமிர்தமாய் இருந்தது. பாலேஸ்வரியும் கணவரும் நாலரைக்கு வேலைக்குக் கிளம்பினார்கள். சன்னலுக்கு வெளியே பனி நீலமாகி, சாம்பலாகி, இருண்டது.

மெத்தையில் அனுசியாவைக் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் கோணேஸ்வரி சுவரில் சாய்ந்து இருந்தாள். சச்சிதானந்தன் பெட்டிமேல் இருந்தான்.  அந்த வீடு பத்து மைல் தள்ளி. இனி எதுவும் கேட்காது. கேட்கக் காரணமே இல்லை.

மணிக்கூடு ஐந்து.

தவமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏழாம் மாடி. அங்கே யாரோ நடந்தார்கள். அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் ஓடியது. அவ்வளவுதான். அவள் மூச்சை விட்டாள்.

சளக்.

அறைக்குள்.

சச்சிதானந்தன் பெட்டிமேல் அசையாமல் இருந்தான். அவன் வாய் திறந்து, நாடி நெஞ்சுவரை இறங்கித் திரும்ப ஏறியது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. என்ன நடந்தது என்று கேட்டன.

அடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். பல்லை இறுக்கிக் கடித்தாள். இரண்டு கையாலும் நாடியைப் பிடித்தாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல, வழுவழுப்பாக, எண்ணெயில் நழுவுவது போல இறங்கிற்று. அவள் கையையும் சேர்த்து இறக்கிற்று. வாய் நிறைய இரும்பு. காறின எண்ணெய். பிறகு ஏறியது.

சளக்.

கோணேஸ்வரி. சளக்.

இனி ஒன்றுதான்.

"வேணாம் மனே" என்றாள் தவமலர். "வாயை மூடிக்கொள். அம்மா சொல்றன். மூடிக்கொள் என்ட தங்கமே."

அனுசியா எழுந்து உட்கார்ந்தாள். மெத்தை அவளடியில் குழி விழுந்தது. தாயைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கரகரவென்று கறள் அரைபடும் சத்தத்தோடு நாடி இறங்கியது. இறங்கியது. நெஞ்சில் முட்டி நின்றது.

தவமலர் காத்திருந்தாள்.

மூடவில்லை.

மெத்தையில் செந்தூள் கொட்டிக்கொண்டிருந்தது. சன்னலின் மங்கல் வெளிச்சம் அந்தச் சின்ன வாய்க்குள் விழுந்தது. நாக்கு இல்லை. உள்நாக்கு இல்லை. ஒரு விரல் மட்டும் போகக்கூடிய, வட்டமான, எண்ணெய் மினுக்கும் ஓர் ஓட்டை. அதற்குள் வரி வரியாக, உள்நோக்கிச் சுருண்டு சுருண்டு போகும் புரிகள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, தூக்கச் சொல்லி, அந்த வாயைத் தாயின் முகத்துக்கு நேரே திருப்பினாள்.